வண்டி நின்றாலும் தவணை நிற்காது
தீவில் பழைய பிக்கப் வண்டி வாங்குவோர் கவனத்திற்கு

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் அன்றாட வாணிகம் சிறு சரக்கு வண்டிகளை நம்பி நடக்கிறது. ஹாடோ துறையில் இறங்கும் வெங்காய மூட்டை அபர்தீன் கடைத்தெருவுக்குச் செல்வதும், ஜங்கிலிகாட்டில் கரையேறும் மீன் பனிக்கட்டியோடு ஊர்களுக்குப் பிரிந்து போவதும், ரங்கத், டிக்லிப்பூர் பகுதிகளின் பாக்கும் தேங்காயும் தலைநகர் வந்து சேர்வதும் இவ்வண்டிகளால்தான். 2005ஆம் ஆண்டில் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தபோது தமிழ் மக்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயரிட்டு அழைத்தனர். மஹிந்திரா பொலேரோ பிக்கப்பும், 2011இல் அறிமுகமான அசோக் லேலண்ட் தோஸ்தும் அதே பணியைச் சற்றுக் கூடுதலான சுமையோடு செய்கின்றன.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். அவர்களுள் சிறு வணிகம் செய்வோர் பலர். சொந்த வண்டி வைத்துக்கொள்ள விரும்பும் சிறு வணிகர் புதிய வண்டியின் விலையைக் கேட்டபின் பழைய வண்டியை நாடுவது இயல்பு. அதில் தவறேதும் இல்லை. நன்கு தேர்ந்தெடுத்த பழைய வண்டி புதிய வண்டியைவிட விரைவில் முதலை மீட்டுத் தரும். ஆனால் ‘எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?’ என்னும் கேள்விக்குத் தமிழ்நாட்டில் சொல்லப்படும் விடை இத்தீவுகளுக்கு முழுமையாகப் பொருந்தாது. அந்த வேறுபாட்டை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நின்ற நாள்களின் கணக்கு

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும், அதாவது 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற நம் தலைநகருக்கும், இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. கப்பல் கடந்து வர மூன்று நாள் ஆகும். மதுரையில் ஒரு வண்டியின் கியர்பாக்ஸ் பழுதானால் மாலைக்குள் உதிரிபாகம் கிடைத்துவிடும். இங்கோ, கடையில் இருப்பில் இல்லாத கனமான பாகத்திற்கு அடுத்த கப்பலை எதிர்நோக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் அந்தக் கப்பலும் தாமதமாகும். அந்நாள்களில் வண்டி வருவாய் ஈட்டாது. ஆனால் கடன் தவணை குறித்த தேதியில் வந்து நிற்கும்.

இதை எண்களால் பார்ப்போம். விளக்கத்திற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு: 4,00,000 ரூபாய் கடன், ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி, 36 மாதம். மாதத் தவணை சுமார் 13,290 ரூபாய் வரும். டீசலும் ஓட்டுநர் கூலியும் போக ஒரு நாளுக்கு 1,200 ரூபாய் மிஞ்சுவதாகக் கொண்டால், 24 நாள் ஓடும் மாதத்தில் 28,800 ரூபாய் கையில் இருக்கும். தவணை போக ஏறத்தாழ 15,500 ரூபாய். டயர், காப்பீடு, தகுதிச் சான்று, சிறு பழுது ஆகியவற்றுக்கு 5,000 ரூபாய் ஒதுக்கினாலும் பத்தாயிரத்துக்கு மேல் மிஞ்சும். அதே வண்டி 12 நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றால் அம்மாத வருவாய் 14,400 ரூபாய். தவணை போக மீதி சுமார் 1,100 ரூபாய். பழுது பார்த்த செலவு இன்னும் இக்கணக்கில் சேரவில்லை. வாடிக்கையாளரை இழக்காமல் இருப்பதற்காக வேறு வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தால் அதுவும் சேரவில்லை.

இப்போது இரண்டு வண்டிகள் விற்பனைக்கு உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் விலை மற்றதைவிட 60,000 ரூபாய் குறைவு. அந்த 60,000 ரூபாயையும் மேற்சொன்ன வட்டியில் கடனாகப் பெற்றால் மாதத்துக்குச் சுமார் 1,990 ரூபாய் கூடுதலாகும். ஆண்டுக்கு ஏறத்தாழ 23,900 ரூபாய். நாளுக்கு 1,200 ரூபாய் என்னும் கணக்கில் இது 20 நாள் வருவாய்க்குச் சமம். மலிவான வண்டி மற்றதைவிட ஆண்டுக்கு 20 நாள் கூடுதலாக நிற்குமானால், பழுதுச் செலவைச் சேர்க்காமலேயே அதன் மலிவு கரைந்துபோகிறது. கப்பலுக்குக் காத்திருக்க நேரும் பெரும்பழுது ஆண்டுக்கு இருமுறை வந்தால் அந்த 20 நாளும் எளிதில் கழிந்துவிடும்.

ஆகவே, வண்டியில் காணும் ஒவ்வொரு குறையையும் ‘இதைச் சரிசெய்ய எவ்வளவு பணம்?’ என்று கேட்பதோடு, ‘இதனால் எத்தனை நாள் நிற்கும்?’ என்றும் கேட்க வேண்டும். விளக்கு எரியாமை, கண்ணாடி விரிசல், கிழிந்த இருக்கை ஆகியவை பணத்தோடு முடிபவை. சேசிஸ் அரிப்பு, இன்ஜின் தேய்மானம், தீராத ஆவணச் சிக்கல் ஆகியவை நாள்களை விழுங்குபவை. முதல்வகைக் குறைகளைக் காட்டி விலையைக் குறைக்கலாம். இரண்டாம்வகைக் குறை இருந்தால் வண்டியையே விட்டுவிடலாம்.

விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார்

அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970ஆம் ஆண்டில் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். பழுதான காரை அமெரிக்கர்கள் ‘எலுமிச்சை’ என்பர். அச்சொல்லே அக்கட்டுரையின் தலைப்பிலும் இடம்பெற்றது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாத காரணத்தால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் ஒரு நடுத்தர விலையையே தர முன்வருவார். அவ்விலைக்கு நல்ல வண்டியை விற்க எவரும் விரும்பார். நாளடைவில் சந்தையில் பழுதான வண்டிகளே மிகும். அக்கர்லாஃப் கூறியதன் சாரம் இதுதான். 2001ஆம் ஆண்டில் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவர் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதிலிருந்து வாங்குபவர் கொள்ள வேண்டிய பாடம் எளியது. விற்பவருக்கும் நமக்கும் இடையே உள்ள அறிவு இடைவெளியை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவுக்கு நம் பணம் காக்கப்படும். அதற்குச் செலவிடும் ஒரு நாளும், உடன் அழைத்துச் செல்லும் மெக்கானிக்குக் கொடுக்கும் கூலியும் வீண் செலவல்ல.

முதலில் நான்கு கேள்விகளைக் கேட்போம். வண்டியை ஏன் விற்கிறார்? இதுவரை எந்தச் சரக்கை ஏற்றினார்? இரவில் எங்கே நிறுத்தினார்? யார் ஓட்டினார்? கடற்கரைக்கு அருகே திறந்த வெளியில் நின்ற வண்டியும், உள்ளூரில் கூரையின்கீழ் நின்ற வண்டியும் ஒரே ஆண்டில் பதிவானவை ஆயினும் ஒரே வயதுடையவை ஆகா.

உப்பும் ஈரமும்

இத்தீவுகளில் தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் மழை தருகின்றன. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். கடற்காற்று சுமந்துவரும் உப்புத்துகள் வண்டியின் அடிப்பகுதியில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையலுப்பு காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்புச் சாடி நீர்த்துப்போவதை நம் அடுக்களையிலேயே காண்கிறோம். அதே செயல் சேசிஸின் மேலும் நடக்கிறது. இங்கு ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் இந்த அளவுக்கு மேல் இருப்பதால், அந்த உப்புநீர்ப் படலம் எளிதில் உலர்வதில்லை. ஓடாமல் நிற்கும் வண்டியையும் துரு விடுவதில்லை.

எனவே ஆய்வை இன்ஜினிலிருந்து அன்று, அடியிலிருந்து தொடங்க வேண்டும். வண்டியைக் குழிமேடை உள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுசென்று, கையில் விளக்கும் சிறு சுத்தியும் ஸ்குரூடிரைவரும் எடுத்துக்கொண்டு பார்க்கலாம். சேசிஸின் இருபக்க நீள்சட்டங்களையும் குறுக்குச் சட்டங்களையும் சுத்தியால் மெல்லத் தட்டினால், நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். அரித்த இரும்பு மொத்தென ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் ஸ்குரூடிரைவரால் அழுத்தினால் செதில்செதிலாகப் பெயர்கிறதா என்று தெரியும். மேற்பரப்பில் செம்பழுப்பாகப் படிந்த துரு இங்கு எந்த வண்டியிலும் இருக்கும், அஞ்ச வேண்டியதில்லை. ஏடுஏடாக உப்பிப் பெயரும் துருவே அஞ்சத் தக்கது.

பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் சேசிஸோடு இணையும் இடம், பிரேக் எண்ணெய் செல்லும் இரும்புக் குழாய், டீசல் தொட்டியைத் தாங்கும் பட்டைகள், கேபினின் தரை ஆகிய நான்கையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பிரேக் குழாய் அரித்திருந்தால் அது பணக்கணக்கு அன்று, உயிர்க்கணக்கு. அடிப்பகுதி முழுவதும் அண்மையில் கறுப்பு வண்ணம் பூசப்பட்டிருந்தால் அதை அழகென்று கொள்ளாமல், அதன்கீழ் மறைந்திருப்பது என்ன என்று கேட்க வேண்டும். புதிய வெல்டிங் தழும்புகளும் அவ்வாறே.

மீன் ஏற்றிய வண்டிக்குக் கூடுதல் கவனம் வேண்டும். பனிக்கட்டி உருகி வடியும் உப்புநீர் சரக்குத்தட்டின் இடுக்குகள் வழியே நேரே சேசிஸில் சொட்டியிருக்கும். தட்டின்மேல் விரித்த பலகையையோ தகட்டையோ அகற்றிப் பார்க்காமல் அத்தகைய வண்டியை வாங்கலாகாது.

மற்றொன்றும் உண்டு. சேசிஸ் எண் இரும்பின்மேல் பொறிக்கப்பட்டிருக்கும். துரு அதை உண்டு எண்கள் தெளிவிழந்திருந்தால், பெயர் மாற்றத்தின்போதும் தகுதிச் சான்று புதுப்பிக்கும்போதும் தடை எழும். துரு அங்கே ஆவணச் சிக்கலாகவும் மாறிவிடுகிறது. அந்த எண்ணைத் துடைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பதிவுச் சான்றோடு ஒப்பிட வேண்டும்.

கிலோமீட்டர் குறைவு என்பது தகுதியாகுமா?

‘நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது’ என்பது விற்பவர்கள் விரும்பிச் சொல்லும் செய்தி. பெருநிலத்தில் அது பொருளுடையது. அங்கே நெடுஞ்சாலையில் மாதம் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குத் தேய்மானமே முதற்பகை. இங்கு அந்தமான் பெருவழிச்சாலை முழுவதும் சென்றாலும் 330 கிலோமீட்டர் அளவே. தலைநகரைச் சுற்றி ஓடும் வண்டியின் ஒருநாள் ஓட்டம் இன்னும் குறைவு. ஆனால் அவ்வோட்டம் ஏற்ற இறக்கமுள்ள தெருக்களில் முதல், இரண்டாம் கியரில் நடந்திருக்கும். சாத்தம் துறையில் பேம்பூ பிளாட் படகுக்காகவும், ஜிர்க்காட்டாங் சோதனைச் சாவடியில் அணிவகுப்புக்காகவும் காத்திருந்த நேரம் ஓடோமீட்டரில் ஏறுவதில்லை. இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தால் அத்தேய்மானமும் கணக்கில் வராது. குறைந்த கிலோமீட்டர் காட்டும் எட்டாண்டு வண்டியைவிட, கூடுதல் கிலோமீட்டர் ஓடிய, நன்கு பேணப்பட்ட நான்காண்டு வண்டி இங்கு நம்பத்தக்கது.

ஓடோமீட்டர் திருத்தப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டியரிங் பளபளத்து, இருக்கை குழிந்திருக்க, ஓட்டம் மட்டும் குறைவாக இருந்தால் அவ்வெண் நம்பத்தக்கதன்று. சர்வீஸ் சீட்டுகளில் தேதியோடு கிலோமீட்டரும் குறிக்கப்பட்டிருக்கும்; அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் உண்மை புலப்படும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். ‘2321’ என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். அதுவும் ஒரு சாட்சியே.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் காண்க

நாம் வரும்வரை வண்டியை இயக்க வேண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். சென்றவுடன் பானெட்டைத் தொட்டுப் பார்த்தால் சூடு சொல்லிவிடும். சூடேற்றி வைக்கப்பட்ட இன்ஜின் தன் நோயை மறைக்கும். குளிர்ந்த நிலையில் ஒன்றிரண்டு சுழற்சியில் இயங்குகிறதா, சைலன்சரில் எவ்வகைப் புகை வருகிறது என்று நோக்க வேண்டும். இயக்கிய உடனே தோன்றிச் சிறிது நேரத்தில் மறையும் மெல்லிய புகை இயல்பானது. நீலப்புகை தொடர்ந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. நிற்காத வெண்புகை, கூலன்ட் உட்புகுவதையோ டீசல் முறையாக எரியாததையோ குறிக்கும். மிகுதியான கரும்புகை இன்ஜெக்டரையோ காற்று வடிகட்டியையோ சுட்டும்.

இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கவனமாகத் திறந்தால், உள்ளிருந்து காற்று பலமாகக் குமுறி வருமாயின் பிஸ்டன் ரிங் தேய்ந்துள்ளது. மூடியின் அடியில் பால்போன்ற வழவழப்பு இருந்தால் ஆயிலில் நீர் கலந்துள்ளது. நம் ஈரக்காற்றில் குறுந்தொலைவு ஓடும் வண்டிகளில் மூடியில் மட்டும் சிறிது வெண்மை படிவதுண்டு. டிப் ஸ்டிக்கிலும் அதே வெண்மை தெரிந்தால் ஐயத்துக்கு இடமில்லை. ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கக்கூடும். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே திறந்து, கூலன்ட்டில் எண்ணெய்ப் படலமோ துருநீரோ உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடப்பில் உள்ளது. அதற்குப்பின் வந்த டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி உண்டு. சேர்ந்த கரி எரிந்து வெளியேற, வண்டி சிறிது நேரம் தொடர்ந்து சீரான வேகத்தில் ஓடிச் சூடேற வேண்டும். இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்பதும் மீண்டும் இரண்டு கிலோமீட்டர் ஓடுவதுமான வாழ்க்கையில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவு பெரிது. ஆதலால் இத்தகைய வண்டியை ஸ்கேனர் கருவி உள்ள ஒர்க்‌ஷாப்பில் இணைத்துப் பார்ப்பது இன்றியமையாதது. சாவியைத் திருப்பியவுடன் எச்சரிக்கை விளக்குகள் யாவும் எரிந்து, இன்ஜின் இயங்கியதும் அணைய வேண்டும். ஒரு விளக்கு எரியவே இல்லை என்றால், அதை யாரோ எரியவிடாமல் செய்திருக்கலாம்.

சரக்கோடு ஓட்டிப் பார்த்தல்

வெறும் வண்டியைச் சமதளத்தில் ஓட்டிப் பார்ப்பதால் பயன் சிறிது. பத்து சிமென்ட் மூட்டையேனும் ஏற்றி, மேடான தெரு ஒன்றில் நிறுத்தி மீண்டும் எடுக்க வேண்டும். இன்ஜின் ஒலி உயர்ந்தும் வண்டி முன்னேறத் தயங்கினால் கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது. கியர் மாற்றும்போது ‘டக்’கென்ற அடி கேட்டால் கிராஸ் ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். ஓட ஓடப் பின்னால் ரீங்காரம் எழுந்தால் டிஃபரன்ஷியலைப் பார்க்க வேண்டும். வேகம் குறைத்துப் பிரேக் போடும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கிறதா, இறக்கத்தில் ஹேண்ட் பிரேக் தாங்குகிறதா என்பதையும் சோதிக்கலாம்.

பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் இலைகளை எண்ணிப் பார்ப்பது நல்லது. நிறுவனம் வைத்ததைவிடக் கூடுதலாக இலை சேர்த்திருந்தால், அவ்வண்டி நெடுநாள் அளவுக்கு மீறிய சுமை ஏற்றியது என்பதற்கு அதுவே ஒப்புதல். அத்தகைய வண்டியில் சேசிஸ் விரிசல், ஆக்ஸில், பிரேக் ஆகிய மூன்றையும் மெக்கானிக் மீண்டுமொருமுறை பார்க்க வேண்டும். முடிந்தால் மழைநாளில் சென்று பார்ப்பது நன்று. கேபின் கசிவும் வைப்பரும் கதவு ரப்பரும் அன்று தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும்.

பெருநிலத்திலிருந்து வரும் வண்டி

சென்னையில் விலை குறைவு என்று அங்கே வாங்கிக் கப்பலில் கொண்டுவருவோரும் உளர். அவர்கள் ஏற்றுக்கூலியைச் சேர்த்துக் கணக்கிடுவதோடு, அவ்வண்டி வெள்ளத்தில் நின்றதா என்பதையும் ஆராய வேண்டும். 2015 டிசம்பர் பெருவெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான வாகனங்கள் நீரில் மூழ்கின. அத்தகைய வண்டி கழுவிப் பளபளப்பாக்கப்பட்டு விற்பனைக்கு வரக்கூடும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை தெரியும். இருக்கையின் அடிக்கம்பிகளில் துரு, முகப்பு விளக்கினுள் நீர்க்கோடு, ஃபியூஸ் பெட்டியிலும் வயர் இணைப்புகளிலும் பச்சைப் பூப்பு, கேபினில் நீங்காத புழுங்கல் வாடை ஆகியவை பிற அடையாளங்கள். நீரில் நின்ற மின்னிணைப்பு உடனே பழுதாவதில்லை. நம் உப்புக்காற்றில் சில மாதம் கழித்து ஒவ்வொன்றாகப் பழுதாகும்.

வேறு மாநிலத்தில் பதிவான வண்டிக்கு அங்குள்ள பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கு வைத்திருந்தால் இத்தீவுகளின் பதிவெண் பெற வேண்டும். அதற்கான வரியையும் விலையோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

உதிரிபாகக் கடைக்கு முதலில் செல்க

வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே செய்யத்தக்க ஆய்வு ஒன்று உண்டு. நாம் எண்ணியுள்ள மாடலின் கிளட்ச் தட்டு, வாட்டர் பம்ப், டீசல் ஃபில்டர், செல்ஃப் மோட்டார், பிரேக் வீல் சிலிண்டர் ஆகிய ஐந்தும் இருப்பில் உள்ளனவா என்று இரண்டு உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். ஐந்தும் இருந்தால் அந்த மாடல் தீவுக்கு ஏற்றது. மூன்றுக்குமேல் ‘கப்பலில் வர வேண்டும்’ என்ற விடை வந்தால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் மறுமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாயாபந்தர், டிக்லிப்பூர் போன்ற வடபகுதியினருக்கும், ஹட் பே போன்ற தனித்தீவினருக்கும் இது இன்னும் முதன்மையானது. தலைநகரில் கிடைக்கும் பாகம் அவர்கள் கைக்கு வந்துசேர மேலும் ஒரு பயணம் உண்டு. தங்கள் ஊரில் எந்த மாடல் மிகுதியாக ஓடுகிறதோ, எதை உள்ளூர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவாரோ, அதையே தேர்வது அறிவுடைமை.

ஆவணங்களும் பழுதாகும்

வண்டி நன்றாக இருந்தும் ஆவணம் சரியில்லாவிட்டால் அதுவும் நிற்கும் வண்டியே. பரிவாகன் இணையதளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ பதிவெண்ணை இட்டு, காப்பீடு, தகுதிச் சான்று, வரி ஆகியவை எந்நாள்வரை செல்லும், செலுத்தாத அபராதம் உள்ளதா என்று பார்க்கலாம். எஃப்.சி. என்று வழங்கும் தகுதிச் சான்று, சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குமேல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். எட்டாண்டை நெருங்கும் வண்டியை வாங்குவோர் அச்செலவையும், சோதனைக்காக வண்டி நிற்கும் நாளையும் கணக்கில் கொள்ள வேண்டும். மொத்த எடை 3,000 கிலோகிராமுக்கு மிகாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்பது குட்டி யானை வகைக்கு ஒரு வசதி. பொலேரோ பிக்கப் வகைகளுள் சில இவ்வெல்லையைத் தாண்டும். பதிவுச் சான்றில் உள்ள எடையைப் பார்த்து அறியலாம்.

பதிவுச் சான்றில் ஹைப்போதிகேஷன் குறிப்பு இருந்தால் வண்டியின்மேல் யாரோ கடன் கொடுத்துள்ளனர். ‘கடன் முடிந்துவிட்டது’ என்ற வாய்ச்சொல் போதாது. கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும், அவரும் உரிமையாளரும் கையொப்பமிட்ட படிவம் 35உம் வேண்டும். கடன் பாக்கி இருந்தால், அத்தொகையை விற்பவர் கையில் கொடாமல் அக்கடன் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்தி இரசீது பெறுவது பாதுகாப்பு. எஞ்சிய தொகையை ஆவணங்கள் கைக்கு வந்தபின் வங்கி வழியாகக் கொடுக்கலாம்.

பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29உம் 30உம் உள்ளன. ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். இதை நாள்கடத்துவது இருவருக்கும் கேடு. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் வண்டி பல கை மாறியிருந்தும், பதிவில் பெயர் நீங்காத முதல் உரிமையாளர்மேலேயே பொறுப்பு விழுந்தது.

காப்பீட்டையும் 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்ற வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டிக்கு நேரும் சேதத்திற்கான இழப்பீடு மறுக்கப்படலாம். விற்பவர் பெற்றுவந்த ‘நோ கிளெய்ம் போனஸ்’ சலுகை அவருக்கே உரியது, வண்டியோடு வாராது. ஆகவே பிரீமியம் கூடும் என்பதை முன்னரே அறிந்திருப்பது நன்று.

கடன் கேட்கும் முன்

பழைய வண்டிக்குக் கடன் வழங்கும்போது வங்கியாளராகிய நாங்கள் மதிப்பீட்டாளரின் அறிக்கை, காப்பீட்டு மதிப்பு, வண்டியின் எஞ்சிய ஆயுள், விண்ணப்பதாரரின் வருவாய் ஆகியவற்றைப் பார்க்கிறோம். அவ்வறிக்கை கடனுக்கு ஈடாக வண்டி எவ்வளவு பெறும் என்பதை உரைக்கும். அடுத்த மூன்றாண்டு அது நம் வாணிகத்துக்கு உழைக்குமா என்பதை உரைப்பது அதன் வேலையன்று. அந்த ஆய்வு வாங்குபவருடையது. கடன் ஒப்புதலாயிற்று என்பதையே வண்டிக்கு நற்சான்றாகக் கொள்ளலாகாது.

எங்கள் வேண்டுகோள் மூன்று. முன்பணம் கொடுப்பதற்கு முன் பதிவுச் சான்றின் நகலோடு கிளைக்கு வந்து கலந்து பேசுங்கள். அவ்வண்டியின் வயதுக்குக் கடன் கிடைக்குமா, எத்தனை மாதத் தவணை அமையும் என்பது அப்போதே தெரிந்துவிடும். கையிலுள்ள சேமிப்பு முழுவதையும் விலையில் கொட்டிவிடாமல், இரண்டு மாதத் தவணையையும் ஒரு பெரும்பழுதுக்கான தொகையையும் தனியே வையுங்கள். மேற்கண்ட எடுத்துக்காட்டின்படி தவணைக்கு மட்டும் 26,600 ரூபாய் அளவு ஆகும். வாங்கிய பின், ஒவ்வொரு வாரமும் வண்டியின் அடிப்பகுதியை நன்னீரால் கழுவுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் துருக்காப்புப் பூச்சு செய்யுங்கள். பழைய ஆயிலையும் வடிகட்டிகளையும் நாள் தவறாமல் மாற்றுங்கள்.

தவணை செலுத்துவதில் இடர் நேருமானால், வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போன அன்றே கிளைக்குத் தெரிவிப்பது நல்லது. இரண்டு தவணை தவறிய பின் வருபவருக்கு உதவும் வழிகள் குறைவு. முன்னரே வருபவருக்கு வழிகள் மிகுதி.